தங்கையைப் பறித்த நோயை விடாமல் துரத்திய டாக்டர் அம்மாள்: சென்னை புற்றுநோய்ப் பதிவேடு பிறந்த கதை

ஒரு வீட்டில் திருட்டுப் போகிறது. வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். அங்கே எப்.ஐ.ஆர். போட்டால்தான் அது கேஸ். போடாவிட்டால் திருட்டே நடக்கவில்லை என்று அர்த்தம். வருஷக் கடைசியில் எடுக்கிற குற்றக் கணக்கிலும் அது வராது. அந்தத் தெருவுக்கு ராத்திரி ரோந்து போட வேண்டும் என்று எந்த அதிகாரிக்கும் தோன்றாது. திருடனுக்குக் கொண்டாட்டம்தான்.

நோயும் ஒரு வகையில் திருடன் மாதிரிதான். காலரா வந்தால் மாநகராட்சிக்கு உடனே தகவல் போகும். சுகாதார ஊழியர்கள் தெருவில் இறங்கிவிடுவார்கள். புற்றுநோய் அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தாவாது. ஊரைக் கூட்டாது. சத்தமில்லாமல் வீட்டுக்குள் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். யாருக்கு வந்தது, உடம்பில் எந்த இடத்தில் வந்தது, பிழைத்தாரா, செத்தாரா என்று எழுதி வைக்க நம் நாட்டில் ரொம்ப காலம் ஆளே கிடையாது.

சென்னையில் இன்று அதற்கென்று ஒரு எப்.ஐ.ஆர். புத்தகம் இருக்கிறது. புற்றுநோய்ப் பதிவேடு என்று அதற்குப் பெயர். 1982-ம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் நகரவாசிகளில் யாருக்குப் புற்றுநோய் கண்டாலும் தேடிப் பிடித்து அதில் எழுதுகிறார்கள். அந்தப் பதிவேடு இருக்கும் இடம் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி.

அந்த ஆஸ்பத்திரியை உண்டாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பதிவேடு தொடங்கியபோது அந்த அம்மையார் உயிரோடு இல்லை. இறந்து 13 வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் கதையை அவரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

புதுக்கோட்டைப் பெண்

முத்துலட்சுமி பிறந்தது 1886-ம் ஆண்டு ஜூலை 30-ந்தேதி. ஊர் புதுக்கோட்டை. அப்போது அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி அய்யர் படித்த மனிதர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்துப் பெண்ணோடு குடும்பம் நடத்தியதால் அய்யரைச் சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

அந்த நாளில் பெண் பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால் வீட்டை விட்டு வெளியே அனுப்ப மாட்டார்கள். முத்துலட்சுமி வீட்டிலேயே பாடம் படித்து மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஒரே கல்லூரி. அது மகாராஜா கல்லூரி. படித்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

மனு போட்டதுமே எதிர்ப்பு கிளம்பியது. பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்றார்கள். போதாக்குறைக்கு அவர் பிறந்த குலத்தைக் காட்டியும் பேசினார்கள். விவகாரம் அரண்மனை வரை போனது. மகாராஜா மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் யார் பேச்சையும் கேட்கவில்லை. சேர்த்துக்கொள் என்று உத்தரவு போட்டார். கல்லூரி வருகைப் பதிவேட்டில் முதல் முறையாக ஒரு பெண்ணின் பேர் ஏறியது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பரிசும் பதக்கமும் வாங்கி 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். எழும்பூரில் பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொண்டார். அதற்கும் நிபந்தனை போட்டார். கணவனும் மனைவியும் சரிசமம், தன் வேலைக்கும் விருப்பத்துக்கும் குறுக்கே வரக்கூடாது என்பதுதான் நிபந்தனை. மாப்பிள்ளை சம்மதித்தார். கடைசி வரை சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்.

தங்கை சாவு

டாக்டர் தொழில் நன்றாக நடந்தது. வீட்டில் இரண்டு ஆண் குழந்தைகள். குறை என்று எதுவும் இல்லை. அந்த நேரத்தில்தான் இடி விழுந்தது.

அம்மையாரின் தங்கையைப் புற்றுநோய் பிடித்தது. முத்துலட்சுமி கூடவே இருந்து கவனித்துக்கொண்டார். தானும் டாக்டர், கணவரும் டாக்டர், தெரிந்தவர்கள் எல்லாரும் பெரிய பெரிய டாக்டர்கள். ஒன்றும் பலிக்கவில்லை. சென்னை மாகாணத்தில் இந்த நோய்க்கென்று தனியாக ஒரு ஆஸ்பத்திரி கிடையாது. வலியில் துடித்த தங்கையைப் பார்த்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1923-ல் தங்கை இறந்து போனார்.

வீட்டில் சாவு நடந்தால் அழுது முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பதுதான் உலக வழக்கம். முத்துலட்சுமி அப்படி விடவில்லை. தங்கையைக் கொன்ற நோய் எது என்று துருவ ஆரம்பித்தார். 1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனபோது அங்கே புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி நடப்பதைப் பார்த்தார். கத்தி வைத்தும், ரேடியம் வைத்தும் வைத்தியம் செய்தார்கள். சீக்கிரம் வந்தவர்கள் பிழைத்துப் போனதையும் பார்த்தார். ஆக, இது வந்தால் சாவுதான் என்ற பேச்சு முழு உண்மை இல்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

சட்டசபைக்குள் ஒரு பெண்

லண்டனில் இருந்து திரும்பியதும் எதிர்பாராத வேலை ஒன்று காத்திருந்தது. சென்னை சட்டசபைக்கு அவரை நியமனம் செய்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் உட்கார்ந்த முதல் பெண் அவர்தான். 1927-ல் சபையின் துணைத் தலைவராகவும் ஆனார்.

சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிற ஆள் இல்லை அவர். பெண் குழந்தைகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். விபசார விடுதிகளை ஒழிக்கும் சட்டத்துக்குத் தூண்டுகோலாக நின்றார். எழும்பூர் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு வேண்டும் என்று கேட்டார்.

பால்ய விவாகத்தையும் விட்டுவைக்கவில்லை. பெண்ணுக்கு 16 வயசு, ஆணுக்கு 21 வயசு ஆன பிறகுதான் கல்யாணம் செய்ய வேண்டும் என்று 1928-ல் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். அடுத்த வருஷம் டெல்லியில் நிறைவேறிய சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயசோடு நின்றுவிட்டது. இந்தக் கல்யாண வயசு விஷயத்தை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். புற்றுநோய்க் கணக்கில் அது மறுபடியும் தலைகாட்டும்.

1930-ல் உப்பு சத்தியாகிரகத்தில் காந்தி கைதானார். முத்துலட்சுமி பதவியைத் தூக்கி எறிந்தார். அதே வருஷம் பொட்டுக்கட்டப்பட்ட குலத்துப் பெண்கள் சிலர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களை எந்த விடுதியும் சேர்த்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். பின்னால் அடையாறுக்குப் போய் இன்றும் நடக்கிறது.

1935-ல் போட்ட விதை

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் தங்கையின் முகம் மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு நூற்றாண்டு விழா. படித்த கல்லூரி மேடையில் நின்று, சென்னையில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்ற ஆசையை வெளியிட்டார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். காரியம் நடக்கவில்லை.

அரசாங்கக் கதவையும் தட்டிப் பார்த்தார். ஆதரவு இல்லை. இந்த நோய் வந்தவர்கள் எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே, அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி, தனிச் செலவு என்ற எண்ணம் அன்றைக்குப் பெரிய இடங்களிலேயே இருந்தது. 

அதை மறுத்துப் பேச ஒரு ஆயுதம் வேண்டும். அந்த ஆயுதம் புள்ளிவிவரம். மாகாணத்தில் வருஷத்துக்கு எத்தனை பேருக்குப் புற்றுநோய் வருகிறது? அதில் எத்தனை பேர் ஆரம்பத்திலேயே வந்தார்கள்? வைத்தியத்தால் எத்தனை பேர் பிழைத்தார்கள்? இதெல்லாம் யாரிடமும் இல்லை. கணக்கு இல்லாததால் நோயே அதிகம் இல்லை என்று ஆகிவிட்டது. நோய் அதிகம் இல்லை என்பதால் ஆஸ்பத்திரி தேவையில்லை என்று ஆகிவிட்டது. எப்.ஐ.ஆர். போடாத திருட்டுக் கதைதான்.

அந்த நேரத்தில் வேறு நாடுகள் விழித்துக்கொண்டுவிட்டன. ஐரோப்பாவில் டென்மார்க் என்ற சின்ன நாடு 1942-லேயே நாடு முழுவதுக்கும் சேர்த்து ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டைத் திறந்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த நாட்டை ஜெர்மன்காரன் பிடித்து வைத்திருந்தான். அப்படியும் பேர் எழுதுகிற வேலையை ஆரம்பித்தார்கள். 

12 படுக்கை

அரசாங்கம் கை கொடுக்கட்டும் என்று முத்துலட்சுமி காத்திருக்கவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் பேரில் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றைத் தொடங்கினார். வீடு வீடாக, ஆள் ஆளாகப் பணம் கேட்டார்கள். அப்போது அவருக்கு 60 வயசு தாண்டிவிட்டது.

1952-ம் ஆண்டு அக்டோபர் 10-ந்தேதி பிரதமர் நேரு வந்து அடையாறில் அடிக்கல் நாட்டினார். 1954-ம் ஆண்டு ஜூன் 18-ந்தேதி ஆஸ்பத்திரி திறந்தது. காந்தி நகரில் கால்வாய்க்கரை ஓரம் சின்னக் கட்டடம். மொத்தம் 12 படுக்கை. தங்கை இறந்து 31 வருஷம் கழித்து அக்கா தன் ஆசையை நிறைவேற்றினார்.

கட்டடம் கட்டினால் போதுமா? டாக்டர் வேண்டுமே! அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் வைத்தியம் படித்து வந்திருந்தார். அவர் பொறுப்பு எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா என்ற இளம் பெண் டாக்டர் வந்து சேர்ந்தார். அரசாங்க உத்தியோகம் கையில் இருந்தும் அதை விட்டுவிட்டு வந்தார். 2021-ல் கண்ணை மூடும் வரை அந்த ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை.

முத்துலட்சுமிக்கு 1956-ல் பத்மபூஷண் பட்டம் கிடைத்தது. 1968-ம் ஆண்டு ஜூலை 22-ந்தேதி அவர் காலமானார். அப்போது வயசு 81. இன்னும் எட்டு நாள் இருந்திருந்தால் 82 முடிந்திருக்கும்.

ஆஸ்பத்திரிக் கணக்கு போதாது

ஆஸ்பத்திரி வந்துவிட்டது. நோயாளிகள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் கேஸ் கட்டு எழுதப்பட்டது. அதைக் கூட்டிப் பார்த்தால் சென்னையின் புற்றுநோய்க் கணக்கு கிடைத்துவிடாதா?

கிடைக்காது. காரணம் எளிதுதான். அடையாறுக்கு ஆந்திராவில் இருந்து வருவார்கள். திருநெல்வேலியில் இருந்து வருவார்கள். அவர்களையும் சேர்த்தால் சென்னைக் கணக்கு தாறுமாறாகிவிடும். அதே சமயம் மயிலாப்பூர்க்காரர் ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். வண்ணாரப்பேட்டைக்காரர் ஸ்டான்லிக்குப் போயிருப்பார். வசதியுள்ளவர் தனியார் நர்சிங் ஹோமில் படுத்திருப்பார். இன்னொருவர் எங்குமே போகாமல் வீட்டிலேயே செத்திருப்பார்.

ஆகவே ஒரு ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒரு கணக்கு. ஒரு ஊரில் குடியிருக்கும் ஜனங்களில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது வேறு கணக்கு. லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்று சொல்ல இரண்டாவது கணக்குதான் உதவும். 

இந்தியாவில் அந்த மாதிரிக் கணக்கை முதலில் எடுத்த ஊர் பம்பாய். இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் 1963-ல் அங்கே பதிவேட்டைத் தொடங்கியது. நாடு தழுவிய திட்டமாக அது மாற இன்னும் 18 வருஷம் ஆனது. 1981-ம் ஆண்டு கடைசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தை அறிவித்தது. இது மத்திய அரசாங்கத்தின் அமைப்பு. பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஜனத்தொகை அடிப்படையில் கணக்கு எடுப்பது என்று முடிவானது.

சென்னையில் யாரிடம் ஒப்படைப்பது? அடையாறு ஆஸ்பத்திரிதான் என்று முடிவானது. அப்போது அதன் டைரக்டர் டாக்டர் சாந்தா. முத்துலட்சுமியோடு வேலை பார்த்தவர் கையில் பதிவேடு வந்து சேர்ந்தது.

தேடிப் போகும் ஊழியர்கள்

அப்போது சென்னையில் ஜனத்தொகை 32 லட்சத்துக்கு மேல். இத்தனை பேரில் யாருக்கு நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? புற்றுநோய் கண்டால் டாக்டர்கள் தகவல் கொடுத்தே தீர வேண்டும் என்று அன்று சட்டம் எதுவும் இல்லை. டென்மார்க்கில்கூட 1987-ல்தான் அதைக் கட்டாயம் ஆக்கினார்கள்.

தகவல் தானாக வராது என்றால் தேடிப் போக வேண்டியதுதான். பதிவேட்டு ஊழியர்கள் நோட்டும் பாரமுமாகக் கிளம்பினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் நர்சிங் ஹோம், சதையைச் சோதித்துச் சொல்லும் லேப் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினார்கள். கேஸ் கட்டுகளைப் புரட்டினார்கள். வார்டில் நோயாளி இருந்தால் நேரில் பார்த்து விசாரித்தார்கள்.

கேட்கிற கேள்விகள் போலீஸ் விசாரணை மாதிரியே இருக்கும். பேர் என்ன, அப்பா பேர் அல்லது புருஷன் பேர் என்ன, வயசு என்ன, எந்தத் தெரு, எத்தனை வருஷமாகக் குடியிருக்கிறீர்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். நோய் கண்டுபிடிப்பதற்கு முன்னால் குறைந்தது ஒரு வருஷமாவது நகரத்தில் குடியிருந்திருக்க வேண்டும். வைத்தியத்துக்காகச் சொந்தக்காரர் வீட்டில் வந்து தங்கியவர் சென்னைக் கணக்கில் வர மாட்டார்.

அடுத்து நோயின் விவரம். எந்த உறுப்பில் வந்தது, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது எந்த வகை என்று தெரிந்தது, முதலில் கண்டுபிடித்த தேதி என்ன என்று எழுதுவார்கள். உலகம் முழுக்க இதற்கு ஒரே மாதிரி நம்பர் முறை இருக்கிறது. சென்னையில் போடுகிற நம்பரைப் பார்த்தே டென்மார்க் டாக்டருக்கும் அது எந்த நோய் என்று புரியும்.

ஒரே ஆள், மூன்று கேஸ் கட்டு

இதில் பெரிய தலைவலி ஒன்று உண்டு. ஒரே நோயாளி முதலில் ஜி.எச். போவார். அங்கிருந்து ராயப்பேட்டை போவார். கடைசியில் அடையாறு வருவார். மூன்று இடத்திலும் கேஸ் கட்டு இருக்கும். மூன்றையும் தனித்தனியாக எழுதினால் ஒரு ஆள் மூன்று ஆளாகிவிடுவார்.

ஒரு இடத்தில் லட்சுமி, இன்னொரு இடத்தில் லக்ஷ்மி அம்மாள், மூன்றாவது இடத்தில் புருஷன் பேரைச் சேர்த்து எழுதியிருப்பார்கள். வயசு ஒரு இடத்தில் 45, மற்றொரு இடத்தில் 50. நம் ஜனங்களில் பல பேருக்குப் பிறந்த தேதி தெரியாதே! அதனால் பேர், வயசு, விலாசம், நோய் வந்த இடம் எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே ஆள்தான் என்று உறுதியானால் ஒரே பேராக ஆக்குவார்கள். கைரேகை பார்த்துப் பழைய குற்றவாளியைப் பிடிக்கிற மாதிரி பொறுமை வேண்டும் இந்த வேலைக்கு.

சாவுக் கணக்கில் தேடல்

எந்த ஆஸ்பத்திரிக்கும் போகாமல் இறந்தவர்கள்? அவர்களைப் பிடிக்க மாநகராட்சியின் சாவுப் பதிவுகளைப் பார்ப்பார்கள். இறப்புக்குக் காரணம் புற்றுநோய் என்று எழுதியிருந்தால், அந்தப் பேர் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுவார்கள். இல்லாவிட்டால் விலாசத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கி விசாரிப்பார்கள். 

ஆனால் சாவுப் பதிவையும் முழுசாக நம்ப முடியாது. வீட்டில் நடக்கும் சாவுகளில் காரணத்தை ஏனோதானோ என்று எழுதிவிடுவது உண்டு. 1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்த பெரியவர்கள் 48 ஆயிரம் பேருக்கு ஒரு ஆய்வு நடந்தது. ஆட்கள் அவரவர் வீட்டுக்கே போய், இறப்பதற்கு முன் என்ன என்ன தொந்தரவு இருந்தது என்று குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார்கள். அதை டாக்டர்கள் படித்துக் காரணத்தை முடிவு செய்தார்கள். காரணம் தெரியாத சாவு என்ற கணக்கு அதில் வெகுவாகக் குறைந்து போனது. வீட்டில் உள்ளவர்களிடம் உட்கார்ந்து கேட்டால் உண்மை வரும் என்பது நிரூபணம் ஆனது.

வைத்தியம் செய்துகொண்டு போனவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதையும் விடாமல் விசாரித்தார்கள். பதில் போடத் தபால் தலை ஒட்டிய கார்டு அனுப்பினார்கள். கார்டு திரும்பி வராவிட்டால் வீட்டுக்கே ஆள் போனார்கள். குடிசை மாறியவர், வாடகை வீடு மாறியவர் என்று தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் வைத்தியம் பலித்ததா இல்லையா என்று சொல்ல முடியும். வந்தால் சாவுதானே என்ற பழைய பேச்சுக்கு அதுதான் பதில்.

கணக்கு காட்டிய உண்மை

பேர் எழுதினார்கள் சரி, அதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு.

பதிவேடு தொடங்கிய காலத்தில் சென்னைப் பெண்களை அதிகம் தாக்கியது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஆண்களில் இரைப்பைப் புற்றுநோய் முதலிடத்தில் நின்றது. வெற்றிலை, புகையிலை போடுகிற வாயிலும் நிறைய.

வருஷா வருஷம் எழுதிக்கொண்டே வந்தபோது ஒரு ஆச்சரியம் தெரிந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மளமளவென்று குறைய ஆரம்பித்தது. 25 வருஷத்தில் ஏறத்தாழ பாதியாகிவிட்டது. அதற்கு நேர்மாறாக மார்பகப் புற்றுநோய் ஏறியது. ஏறி, பெண்களில் முதலிடத்தையும் பிடித்துவிட்டது. 

இது ஜனத்தொகை கூடியதால் வந்த குழப்பம் இல்லை. லட்சம் பேருக்கு எத்தனை என்றுதான் பார்க்கிறார்கள். வயசானவர்கள் அதிகம் உள்ள ஊரில் புற்றுநோய் அதிகம் இருக்கும் என்பதால், வயசு வித்தியாசத்தையும் சரிக்கட்டிவிட்டுத்தான் ஒப்பிடுகிறார்கள். ஆகவே ஏற்றமும் இறக்கமும் நிஜம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஏன் குறைந்தது? அந்த நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ் கிருமி. சின்ன வயசில் கல்யாணம், அடுக்கடுக்காகப் பிரசவம், சுத்தம் குறைவு இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். சென்னையில் பெண்கள் படித்தார்கள். கல்யாண வயசு தள்ளிப் போனது. பிரசவம் குறைந்தது. இதெல்லாம் முக்கியக் காரணம் என்று நிபுணர்கள் கருதுகிறார்கள்.

1928-ல் பெண்ணுக்கு 16 வயசு ஆகட்டும் என்று சட்டசபையில் தனி ஆளாகப் பேசிய பெண்மணியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தீர்மானம் புற்றுநோய்க்காகக் கொண்டு வந்தது இல்லை. அந்த வைரஸ் விஷயம் அன்று யாருக்குமே தெரியாது. சின்னப் பெண்களின் உடம்பு கெடுகிறதே என்று ஒரு டாக்டராகக் கவலைப்பட்டார். அவர் கேட்டதால் மட்டும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த மாற்றம் எத்தனை பெண்களை ஒரு கொடிய நோயிடம் இருந்து காப்பாற்றியது என்பதை அவர் உண்டாக்கிய ஆஸ்பத்திரியின் பதிவேடே காட்டிக்கொடுத்தது.

அதே பதிவேடு கசப்பான செய்தியையும் மறைக்கவில்லை. முதல் குழந்தை தாமதமாகப் பிறப்பதும், தாய்ப்பால் கொடுப்பது குறைவதும், உடம்பு எடை போடுவதும் மார்பகப் புற்றுநோய்க்கு வழி விடுகின்றன. ஒரு கதவை மூடும்போது இன்னொரு கதவு திறந்து கிடப்பதைக் கணக்கு எடுத்ததால்தான் பார்க்க முடிந்தது. இதை வைத்துத்தான் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இரண்டும் வேண்டும் என்று அரசாங்கத்திடம் அடித்துப் பேச முடிகிறது. கதிர்வீச்சு மிஷினை எந்த ஊரில் வைப்பது, எத்தனை டாக்டர் தேவை என்பதற்கும் இதுதான் ஆதாரம்.

மாநிலம் முழுவதும்

சென்னையோடு நின்றால் போதுமா? கிராமத்துக் கணக்கு யாருக்குத் தெரியும்? 2012-ல் தமிழக அரசாங்கமும் அடையாறு ஆஸ்பத்திரியும் சேர்ந்து தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தைத் தொடங்கின. எல்லா மாவட்டங்களிலும் கணக்கு எடுக்க ஏற்பாடு ஆனது. சென்னையில் ஆள் நடந்து நோட்டில் எழுதிய வேலை, கம்ப்யூட்டரில் ஏறி மாநிலம் முழுவதும் பரவியது.

1935-ல் கையில் ஒரு புள்ளிவிவரமும் இல்லாமல் மேடை ஏறினார் முத்துலட்சுமி. ஒரே ஒரு சாவு மட்டும்தான் அவரிடம் இருந்த சாட்சி. இன்றைக்கு யாராவது போய் அரசாங்கத்திடம் ஆஸ்பத்திரி கேட்டால், மாவட்ட வாரியாகக் கணக்கை மேஜை மேல் வைக்க முடியும்.

ஒன்றை மட்டும் ஜனங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். புற்றுநோயை இன்னும் பல குடும்பங்கள் மறைக்கின்றன. பெண்ணுக்குக் கல்யாணம் தடைப்படும், அக்கம்பக்கத்தில் பேசுவார்கள் என்று பயம். பதிவேட்டில் கொடுக்கிற பேரும் விலாசமும் வெளியே போகாது. ஒரே ஆளை இரண்டு முறை எழுதாமல் இருக்கவும், பிறகு நலம் விசாரிக்கவும்தான் அதைக் கேட்கிறார்கள். வெளியிடுவது மொத்த எண்ணிக்கை மட்டுமே.

ஆகவே ஆஸ்பத்திரியிலோ வீட்டு வாசலிலோ பதிவேட்டு ஊழியர் வந்து விவரம் கேட்டால் விரட்டாமல் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள், என்ன தொந்தரவு, எப்போது தெரிந்தது என்பதுதான் கேள்வி. ஐந்து நிமிஷ வேலை.